மூலை மிஷின் அக்கா

அக்கா எங்கள் தையல் யூனிட்டுக்கு வந்த முதல் நாள், ஓனர் அவருக்கு ஜன்னலோர மிஷினைக் காட்டினார். அது வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத மிஷின். வெளிச்சமும் காற்றும் உள்ள இடம். அங்கே உட்காருவதற்காக எங்களுக்குள் முகம் முறிந்ததுகூட உண்டு. அக்கா அந்தப் பக்கம் சரியாகப் பார்க்கவே இல்லை. அறையை ஒரு சுற்று நோட்டம் விட்டவர், மூலையில் பழைய பெட்ஷீட்டால் மூடிவைத்திருந்ததைக் காட்டி, "அது என்னா?" என்று கேட்டார்.

"அது நூல் அறுக்கற மிஷின்மா. யாருக்கும் ஒத்துவராது" என்றார் ஓனர்.

"எவ்ளோ அறுக்குது?"

இப்படி ஒரு கேள்வியை ஓனர் எதிர்பார்க்கவில்லை. நான்தான் சொன்னேன். "ஒரு பாவாடை மடிப்ப முழுசா தெச்சு முடிக்க விடாதுக்கா. உயிர வாங்கிடும்."

"அப்ப அதையே குடுங்க சார்" என்றார் அக்கா.

ஓனர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அக்கா மட்டும் போய் அந்தப் பெட்ஷீட்டை உருவி, உதறி, நான்காக மடித்து, உட்காரும் ஸ்டூலின் மேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆஸ்டின் டவுனில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது எங்கள் யூனிட். பள்ளிக்கூட யூனிஃபார்ம், ஹாஸ்டல்களுக்குத் தலையணை உறை, படுக்கை விரிப்பு என்று எந்த ஆர்டர் வந்தாலும் தைத்துக் கொடுப்போம். கீழே இரும்புக் குழாய் அறுக்கும் சத்தம், மேலே எங்கள் மோட்டார்களின் சத்தம். அதற்கு நடுவே கத்திக் கத்திப் பேசிப் பழகி, வீட்டுக்குப் போனாலும் கத்தித்தான் பேசுவோம். என் வீடு இரண்டு தெரு தள்ளி. என் பக்கத்து மிஷினில் நஸ்ரீன். அக்கா ஒக்கலிபுரத்திலிருந்து பஸ் மாறி வருவார். பெயரைக் கேட்டோம், சொன்னார். ஆனால் யாரும் அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. முதல் வாரத்திலேயே மூலை மிஷின் அக்கா ஆகிவிட்டார். நாளாக ஆக வெறும் அக்கா.

வயது நாற்பத்தைந்து இருக்கும். மெலிந்த உடம்பு. புடவைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டால் சாயங்காலம் வரை அது கலையாது. வந்ததும் ஒரு துணியால் மிஷினின் தலையைத் துடைப்பார். துடைத்துவிட்டு ஒரு கணம் அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டிருப்பார். அப்புறம்தான் சுவிட்சைப் போடுவார்.

அந்த மிஷினைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கோ மூடிப்போன ஒரு கார்மென்ட் ஃபேக்டரியிலிருந்து ஓனர் எடுத்துவந்தது. பச்சைப் பெயின்ட் பாதி உரிந்திருக்கும். சுவிட்சைப் போட்டதுமே அதன் மோட்டார் உறுமத் தொடங்கிவிடும், தைத்தாலும் தைக்காவிட்டாலும். நன்றாகத்தான் ஆரம்பிக்கும். ஒரு முழம் போனதும் ஊசிக்கு மேலே நூல் பஞ்சு பஞ்சாகப் பிரியும். பிறகு பட்டென்று அறுந்துவிடும். அறுந்துபோகவில்லை என்றால் துணிக்கு அடியில் குருவிக்கூடு மாதிரி நூல் சுருண்டு சிக்கிக்கொள்ளும். தடித்த மடிப்பு வந்தால் கேட்கவே வேண்டாம்.

நூல் அறுந்தால் நாங்களெல்லாம் அறுந்த முனையை அப்படியே பிடித்து ஊசியில் கோத்து மறுபடியும் மிதிப்போம். அக்கா அப்படிச் செய்யமாட்டார். மாட்டியிருந்த நூலை முழுக்க உருவி எறிந்துவிட்டு, மேலே நிற்கும் நூல் கோனிலிருந்து தொடங்குவார். ஒவ்வொரு வளையமாக, ஒவ்வொரு கொக்கியாக நூலைக் கொண்டுவருவார். வருகிற வழியில் விரலால் தடவிப் பார்ப்பார். நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே ஒரு துணிக் கீற்றை விட்டு இழுத்து, அங்கே அடைந்த பஞ்சை எடுப்பார். ஊசியை நகத்தில் உரசி, முனை மழுங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். அடிநூல் சுற்றிய பாபினைக் கழற்றி, நூல் சீராக வருகிறதா என்று தொங்கவிட்டு ஆட்டுவார். எல்லாம் முடிந்து ஊசியில் கோத்து, மெதுவாக மிதித்து, தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்பார். ஒரு முழம் ஓடும். பட். மறுபடியும் கோனிலிருந்து.

அந்த 'பட்' என்ற சத்தத்துக்கு நாங்கள் சலித்துக்கொள்வோம். அக்காவின் முகம் மட்டும் தெளிவாகும். யாரோ தெரிந்தவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி நிமிர்ந்து உட்காருவார். இதை நான் கவனித்தது ரொம்ப நாள் கழித்துத்தான்.

விஷயம் தெரியாதவர் இல்லை அவர். ஒருமுறை நஸ்ரீனின் மிஷினில் அடிப்பக்கம் முழுக்க நூல் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. அவள் பாபினை மாற்றினாள், பாபின் கேஸை மாற்றினாள், கடைசியில் மிஷினைத் தட்டி உருதுவில் திட்டவும் ஆரம்பித்துவிட்டாள். அக்கா எழுந்து வந்தார்.

"கீழ தொங்குனா கீழதான் தப்புன்னு இல்லம்மா. மேல் நூலு தளர்ந்திருந்தாலும் கீழதான் தொங்கும். துணிய அமுக்கற பாதத்த எறக்கி வெச்சிக்கிட்டுக் கோத்தியா?"

"ஹவ் அக்கா, ஆமா. எப்பவும் அப்டித்தானே?"

"பாதம் எறங்கியிருந்தா அந்த ரெண்டு டென்ஷன் தட்டும் வாய மூடிக்கும். நூலு உள்ள போவாது, மேலோடயே ஒக்காந்துக்கும். தூக்கி வெச்சிட்டுக் கோத்துப் பாரு."

நஸ்ரீன் அப்படியே செய்தாள். தையல் முத்து கோத்த மாதிரி விழுந்தது.

"அரே அக்கா! எல்லாரு மிஷினும் சரி பண்றீங்க. உங்களுது மட்டும் ஏன் டெய்லி இந்த ரகளை?"

"அதுக்கு வயசாயிடுச்சு" என்று சொல்லிவிட்டு மூலைக்குப் போய்விட்டார்.

அவரால் சும்மா இருக்க முடியாது. இதை நாங்கள் முதலில் சுறுசுறுப்பு என்றுதான் நினைத்தோம். கரண்ட் போனால் எங்களுக்குக் கொண்டாட்டம். காலை நீட்டிக்கொண்டு ஊர்க்கதை பேசுவோம். அக்கா துடைப்பத்தை எடுத்துப் பெருக்குவார். பெருக்கிய இடத்தையே மறுபடியும் பெருக்குவார். பிரிக்க வேண்டிய தையல் இருந்தால் எங்கள் மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டுபோய்ப் பிரிப்பார். எதுவும் இல்லாவிட்டால் மீந்த கட்பீஸ்களை நிறம் பார்த்து அடுக்குவார். ஒரு நாள் கரண்ட் வர வெகுநேரம் ஆனது. அவர் அடுக்கியதையெல்லாம் கலைத்து மறுபடியும் அடுக்குவதைப் பார்த்த நஸ்ரீன் விளையாட்டாகச் சொன்னாள், "கரண்ட் போனா நம்ம அக்காவுக்கு ஜுரம் வந்துடும்."

எல்லாரும் சிரித்தோம். அக்கா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். எழுந்து படியிறங்கிப் போனார். கரண்ட் வந்து எல்லா மிஷினும் ஓடத் தொடங்கிய பிறகுதான் மேலே வந்தார். முகம் கழுவியிருந்தார். முன் தலைமுடியெல்லாம் ஈரம். நஸ்ரீனுக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் என்ன தப்பா சொன்னேன் ஸ்டெல்லா?" என்று அன்று பூராவும் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கும் தெரியவில்லை.

தெரிந்தது அடுத்த மழைக்காலத்தில். அந்த வாரம் ஓனர் நல்ல நூலாக ஒரு பெட்டி இறக்கியிருந்தார். நூலின் தரமோ, மழைக் குளிரோ, மூலை மிஷின் காலையிலிருந்து ஒருமுறைகூட அறுக்கவில்லை. "என்னக்கா, இன்னிக்கு உங்க மிஷின் ரொம்ப சமத்தா இருக்கு" என்று நான்கூடச் சொன்னேன். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தார்.

மதியம் எல்லாரும் கீழே டீக்கடைக்குப் போயிருந்தார்கள். நான் மறந்துவிட்டுப் போன குடையை எடுக்கத் திரும்பி வந்தேன். அக்கா மிஷின் மேல் குனிந்திருந்தார். கையில் சின்ன ஸ்க்ரூடிரைவர். ஊசியைப் பிடித்திருக்கும் திருகைத் தளர்த்தி, ஊசியைக் கொஞ்சம் திருப்பி வைத்து மறுபடியும் முடுக்கினார். ஊசியில் ஒரு பக்கம் நீளமாக ஒரு பள்ளம் ஓடும். அது நேராக இடது பக்கம் பார்த்திருந்தால்தான் நூல் உரசாமல் இறங்கும். இந்த அடிப்படையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

"ஊசி நேராத்தானேக்கா இருந்துச்சு?"

அவர் திடுக்கிடவில்லை. "நேராத்தான் இருந்துச்சு" என்றார்.

"அப்புறம் ஏன் திருப்புறீங்க?"

அவர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். பிறகு பக்கத்து ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளினார். உட்கார்ந்தேன்.

"நல்லா ஓடுற மிஷின்ல என்னா ஆவுது? காலு மிதிக்குது, கையி தள்ளுது. மனசுக்கு வேல இல்ல ஸ்டெல்லா. அது பாட்டுக்குக் கெளம்பிப் போயிடுது. இதுகிட்ட அப்டி முடியாது. கண்ண எடுத்தா அறுத்துடும். இது அறுத்துக்கிட்டு இருக்கற வரைக்கும் நான் இங்க இருப்பேன்."

"மனசு எங்கக்கா போவுது?"

"ஆஸ்பத்திரிக்கு."

அவருக்கு ஒரே பெண். காலேஜில் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அப்போது அக்கா வேறு ஒரு கார்மென்ட்டில் இருந்தார். பள்ளிக்கூடங்கள் திறக்கும் நேரம், யூனிஃபார்ம் ஆர்டர் குவிந்திருந்தது, லீவு கேட்க முடியாது. பெண்ணுக்குக் காய்ச்சல். மழைக்கு வருகிற சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரையைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார். மறுநாளும் போயிருக்கிறார். மூன்றாம் நாள் காலையில் பெண்ணால் எழுந்து நிற்க முடியவில்லை. டெங்கு. ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். ஒரு வாரம் வைத்துப் பார்த்தார்கள்.

"முன்னாடியே கூட்டியாந்திருக்கலாமேன்னு அங்க ஒரு டாக்டரம்மா சொன்னாங்க. கோவத்துல சொல்லல. சாதாரணமாத்தான் சொன்னாங்க. அந்த ரெண்டு நாளும் நான் என்னா பண்ணிக்கிட்டிருந்தேன் தெரியுமா? புது மிஷின். அப்டி ஓடும். காத்து மாதிரி. சூப்பர்வைசர் வந்து என்னைப் பாராட்டிட்டுப் போனாரு."

சொல்லும்போது அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். படியில் நஸ்ரீனும் மற்றவர்களும் வரும் சத்தம் கேட்டது. அக்கா நூலை உருவி, கோனிலிருந்து கோக்கத் தொடங்கினார். ஒரு முழம் ஓடியது. பட். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் நான் என் மிஷினுக்குப் போனேன்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் மட்டும் ஒருநாள், என் மகனுக்கு லேசாக உடம்பு சுட்டபோது, நான் பதறிய பதறலைப் பார்த்து என் கணவர் பயந்துபோனார். அப்போது அவரிடம் சொன்னேன்.

ஏதோ ஒரு பெரிய கல்யாண மண்டபத்துக்குக் கர்ட்டன் தைக்கும் ஆர்டர் வந்தது அதற்கடுத்த வருஷம். ஆளுயரத்துக்கும் மேலே நீளம், ஒவ்வொன்றும் நாலு பக்கமும் நேர் தையல். எல்லா மிஷினும் முழு வேகத்தில் ஓட வேண்டும் என்று ஓனர் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். மெக்கானிக் முனிராஜு நல்ல மனிதர். கன்னடக்காரர், எங்களிடம் தமிழில் பேச முயற்சி செய்வார். அக்கா மேல் அவருக்கு மரியாதை. அந்த ஓட்டை மிஷினை வைத்துக்கொண்டு ஒரு நாளும் குறை சொல்லாத பெண்மணி என்று எல்லாரிடமும் சொல்வார்.

"சார், அக்காவுக்கு அந்த மிஷின் அப்டியே பழகிப்போச்சு. அதை மட்டும் விட்டுடுங்களேன்" என்று ஓனரிடம் சொல்லிப் பார்த்தேன்.

"என்னம்மா நீ? பாவம், எவ்ளோ நாளா கஷ்டப்படுறாங்க. வந்ததே வந்தான், சரி பண்ணட்டும்" என்றார்.

முனிராஜு அன்று மற்ற மிஷின்களை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, மூலை மிஷினிலேயே நாளெல்லாம் உட்கார்ந்துவிட்டார். தலையைச் சாய்த்துப் போட்டு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். நூலைப் பிடிக்கும் ஹூக்கின் முனையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு. ஊசித் துளை உள்ள தட்டில் ஒரு கீறல். நூல் போய்ப் போய் ஒரு கம்பி வளையம் கத்தி மாதிரி தேய்ந்திருந்தது. ஹூக்கையும் வளையத்தையும் தட்டையும் புதிதாக மாற்றினார். ஊசி இறங்கும் நேரத்தையும் ஹூக் சுற்றும் நேரத்தையும் சேர்த்துவைத்தார். இதற்கெல்லாம் அக்கா பக்கத்திலேயே நின்று விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். 

"ஆய்த்து மா, முடிஞ்சுது. இனிமே அறுக்கவே அறுக்காது. ஒக்காந்து நோடு, ஓட்டிப் பாரு" என்றார் முனிராஜு, கையைத் துடைத்துக்கொண்டே.

அக்கா உட்கார்ந்து மிதித்தார். ஒரு கர்ட்டனின் ஒரு பக்கம் முழுக்க ஒரே மூச்சில் ஓடியது. நஸ்ரீன் கைதட்டினாள். எல்லாரும் தட்டினார்கள். அக்கா முனிராஜுவைப் பார்த்துக் கும்பிட்டார். உண்மையாகவே கும்பிட்டார். முனிராஜு செய்தது உபகாரம் என்று அக்காவுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அக்காவின் கன்னம் ஒட்டிப்போனதைப் பார்த்தேன். டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்பிப் பார்ப்பார். ஊசியைத் திருப்பி வைக்க நினைத்தாரா என்று தெரியவில்லை. நினைத்திருந்தாலும் முடிந்திருக்காது. கர்ட்டனை மண்டபத்துக்காரர்கள் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போனதால், ஓனர் எங்கள் தலைக்கு மேலேயே நின்றுகொண்டிருந்தார். தையல் கெடக்கூடாது. மூலையிலிருந்து இப்போது வந்த சத்தம் எனக்குப் புதிது. இடையே நிற்காத, ஒரே சீரான சத்தம். அது நிற்க வேண்டும் என்று நான் காத்துக்கொண்டே தைப்பேன்.

ஒரு நாள் மதியம் அது நின்றது. மோட்டார் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். அக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தார். கத்தவில்லை. இடது கை ஊசிக்கு அடியில் இருந்தது. ஆள்காட்டி விரலின் நகத்துக்குள் ஊசி இறங்கி, விரலைத் தட்டோடு சேர்த்துப் பிடித்திருந்தது. வெள்ளைக் கர்ட்டனில் ரத்தம் பரவிக்கொண்டிருந்தது. அவர் அதையும் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன். நஸ்ரீன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அல்லா, அல்லா என்று அழுதாள். மோட்டார் முழுக்க நிற்கும்வரை காத்திருந்து, பக்கவாட்டுச் சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்பி ஊசியை மேலே தூக்கினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக நான் எதையும் திருப்பியதில்லை. ஊசி உடையாமல் வந்தது. அப்போதும் அக்கா சத்தம் போடவில்லை.

பக்கத்துத் தெரு கிளினிக்கில் கட்டுப் போட்டு ஊசி போட்டார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் தலை என் தோளில் இருந்தது.

"எங்கக்கா இருந்தீங்க அப்ப?" என்று கேட்டேன்.

"ஆட்டோல. அவள மடியில போட்டுக்கிட்டு. சிக்னல்ல நிக்குது ஆட்டோ. கையில குத்துனது எனக்குத் தெரியும் ஸ்டெல்லா. ஆனா அவ தலைய விட்டுட்டு எப்டி கைய எடுக்கறது?"

மறுநாள் அவர் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நான் ஒக்கலிபுரம் போனேன். ரயில் சத்தம் கேட்கும் ஒரு சந்துக்குள், வரிசை வீடுகளில் கடைசி. ஒரு அறை, ஒரு சமையலிடம். சுவரில் பெண்ணின் படம், மாலை போட்டு. இரட்டைப் பின்னல், கொஞ்சம் முன்னால் நிற்கும் பல், சிரிப்பை அடக்கிக்கொண்டு எடுத்த படம் மாதிரி இருந்தது. அக்கா பாயில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கை மடியில் கிடந்தது. அவர் சும்மா உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தது அன்றுதான்.

அவர் கணவர் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய் டீ போட்டார். கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். அக்கா அவரைப் பற்றி எங்களிடம் அதிகம் சொன்னதில்லை. பேசாத மனுஷன் என்று மட்டும் ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

"வெரல் எப்டி இருக்குக்கா?"

"வெரலுக்கு என்னா. ஆறிடும். இப்டி ஒக்காந்திருக்கறதுதான் முடியல. கண்ண மூடுனா அந்த ரெண்டு நாளுதான் வருது. இவள இங்க விட்டுட்டு நான் வேலைக்குப் போன ரெண்டு நாளு."

சமையலிடத்தில் கரண்டிச் சத்தம் நின்றது. கணவர் வாசற்படியில் வந்து நின்றார். கையில் டீ டம்ளர்.

"நீ எங்க போன? நான்தானே அனுப்புனேன்" என்றார்.

அக்கா அவரைப் பார்த்தார்.

"மழையில எனக்கு வேல இல்ல. வீட்லதான் இருந்தேன். நீ போமாட்டேன்னு நின்ன. ஜுரம்தானே, நான் பாத்துக்கறேன், போய்ட்டு வான்னு நான்தான் சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு பைய எடுத்துக் கையில குடுத்ததும் நான்தான். மறந்துட்டியா?"

"நீ சொன்னா எனக்கு எங்க போச்சு புத்தி? நான்தான பெத்தவ."

"இத்தினி வருஷமா நீ என்னை ஒரு வார்த்த கேப்பன்னு காத்துக்கிட்டிருக்கேன். வீட்ல இருந்துக்கிட்டு என்னாய்யா பாத்தேன்னு கேப்ப, அடிப்ப, எதுனா பண்ணுவன்னு. நீ கேக்கவே இல்ல. வேலைக்குப் போய்க்கிட்டே இருந்த."

அவர் டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். நான் எழுந்து வாங்கிக்கொண்டேன். சூடு. கீழே வைத்தேன்.

"நீ என்னைக் கேப்பன்னு நான் இருந்தேன்" என்றார் அக்கா, ரொம்ப மெதுவாக. "அதுக்குப் பயந்துதான் வீட்லயே இருக்கறதில்ல."

எனக்கு அங்கே இருக்க இடமில்லை. வரேன்க்கா என்றேன். அது அவருக்குக் கேட்டிருக்காது.

அதற்குப் பிறகு அக்கா யூனிட்டுக்கு வரவில்லை. அவர் டப்பாவையும் ஸ்டூல் மேல் போட்டிருந்த பெட்ஷீட்டையும் கணவர்தான் ஒரு நாள் வந்து வாங்கிப்போனார். கொஞ்ச நாளில் கணவருடைய ஊரான திருப்பத்தூர்ப் பக்கமே போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். போன் நம்பர் மாறிவிட்டது. மூலை மிஷினில் வேறொரு பெண் வந்து உட்கார்ந்தாள். அதில் நூல் அறுந்து நான் பார்க்கவே இல்லை. ஓரிரு வருஷத்தில் நானும் அங்கிருந்து நின்றுவிட்டேன். அக்கா இப்போது எப்படி இருக்கிறார், இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டிலிருந்து நான் வெளியே வந்து வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். கதவு சாத்தியிருந்தாலும் உள்ளே பேசுவது கேட்டது. கேட்கக்கூடாது என்று தோன்றியும் கால் நகரவில்லை. முதலில் வந்தது அந்தப் பேசாத மனுஷனின் அழுகை. வெகுநேரம் அழுதார். பிறகு அக்காவின் குரல். அதுவரை என்னிடம் பொண்ணு, அவ என்றுதான் சொல்லியிருக்கிறார். மகளின் பெயரை அன்றுதான் அவர் வாயால் கேட்டேன்.

"நான் போனப்புறம் மேகலா என்னா பண்ணா? சொல்லு. அன்னிக்கு பூரா நீதான அவகூட இருந்த. என்னா கேட்டா?"

"ரசஞ்சோறு கேட்டா."

"குடுத்தியா?"

"வெச்சுக் குடுத்தேன். எனக்கு எங்க வருது ரசம். உப்பு ஜாஸ்தி. வாயில வெச்சிட்டு, அப்பா இதுல கடல் இருக்குதுன்னு சிரிச்சா."

நான் செருப்பில் பாதி நுழைத்த காலோடு நின்றிருந்தேன்.

"சிரிச்சாளா?" என்று கேட்டார் அக்கா.